உங்களுக்குத் தெரியுமா?

மத்திய அமெரிக்க வனங்களில் வசிக்கும், ரக்கூனுக்கு நெருங்கிய உறவான வெண்மூக்குக் கோவாட்டியின் பெண்களும் குட்டிகளும் கூட்டமாய்த் திரிய, வளர்ந்த ஆண்கள் தன்னந்தனியே உலவுவதைக் கண்ட பழைய இயற்கை நூலோர், அவ்விரு சாராரையும் வெவ்வேறு இனங்கள் என்றே கருதியிருந்தனர்!

• ஆண், சுமார் 2 வயதில் கூட்டத்தைப் பிரிகிறது. இனப்பெருக்கப் பருவத்தில் மட்டுமே அதற்கு மீண்டும் இடமுண்டு.

• பிரசவம் நெருங்கிய பெண்ணோ, தானும் விலகிச் சென்று, மரக்கிளைகளின் நடுவே கூடு அமைத்துக் குட்டிகளை ஈன்று, அவை நடக்கவும் ஏறவும் பழகிய பின்னரே, ஏறத்தாழ 5 வாரங்கள் கழித்து, அவற்றையும் அழைத்துக்கொண்டு தன் கூட்டத்தை அடைகிறது.

• கணுக்கால் பின்னோக்கித் திரும்பும். ஆதலால் மரத்திலிருந்து தலைகீழாகவே இறங்கும்.

• இவை அனைத்திலும் ஆச்சரியமானது இது: பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், டிராட்டினிக்கியா என்னும் மரத்தின் பட்டையில் கசியும், மெந்தால் போன்று மணக்கும் பிசினைக் கோவாட்டிகள் நகத்தால் சுரண்டியெடுத்து, தம் உரோமத்தில் மட்டுமன்றிக் கூட்டாளிகளின் உரோமத்திலும் அக்கறையோடு தேய்த்துவிடுகின்றன. உண்ணி முதலிய பூச்சிகளின் உபாதையை அகற்றவே இவ்வாறு செய்கின்றன போலும் என்பது ஆய்வாளர் அநுமானம்.