பேச்சு போனால் அறிவும் போகுமா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

நம் மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அதில் பெரும்பங்கு பெருமூளையாகும். அதன்மேல் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பில், சாம்பல் நிறத்தில், மடிப்பு மடிப்பாகப் போர்த்தியிருப்பதே பெருமூளைப் புறணி. சிந்தனை, நினைவு, மொழி ஆகியவற்றுக்கு இதுவே முதன்மையான நிலைக்களம் எனலாம்.

கண் அனுப்பும் செய்தி புறணியின் பிடரிக் கதுப்பை அடைகிறது. தொடுவுணர்வு பக்கக் கதுப்பின் முன்விளிம்பை அடைகிறது. தசைகளை இயக்கும் ஆணை நெற்றிக் கதுப்பின் பின்விளிம்பிலிருந்து செல்கிறது. இவை போக எஞ்சிய பெரும்பரப்பை இணைப்புப் பகுதிகள் என்பர். வந்த செய்திகளை ஒன்றுசேர்த்து, பழைய நினைவோடு ஒப்பிட்டுப் பொருள் காண்பது இவற்றின் பணி. சாவியின் வடிவம் கண்வழி வந்தது. 'இது பூட்டைத் திறப்பது' என்னும் அறிவு இணைப்புப் பகுதிகள் தந்தது. இவற்றுள் பார்வை தொடர்பான பகுதி பழுதுற்றால், சாவியைக் கண்ணால் பார்த்தும் இன்னதென்று அறியாமல் ஒருவர் திகைக்கக்கூடும். கையில் கொடுத்தால் தடவிப் பார்த்து உடனே சொல்லிவிடுவார்!

பெருமூளை இரு அரைக்கோளங்களாக அமைந்துள்ளது. இடது பாதி உடலின் வலப்புறத்தையும், வலது பாதி இடப்புறத்தையும் இயக்குகின்றன. சுமார் 20 கோடி நரம்பிழைகள் கொண்ட கார்ப்பஸ் கலோசம் என்ற பாலம் இரண்டையும் இணைக்கிறது. கடும் வலிப்பு நோய்க்காக இப்பாலம் துண்டிக்கப்பட்டவர்களை அமெரிக்க அறிஞர் ரோஜர் ஸ்பெரி ஆராய்ந்தார். வலது பாதிக்கு மட்டும் எட்டும்படி ஒரு கரண்டியின் படத்தைக் காட்டினால், 'ஒன்றும் தெரியவில்லை' என்பர். ஆனால் அவர்களுடைய இடக்கை, மறைவிலுள்ள பல பொருள்களுள் கரண்டியைத் தடவி எடுத்துவிடும். வலது பாதி அறிந்திருந்தது. அதை வாயால் சொல்ல அதனால் இயலவில்லை. இவ்வாய்வுகளுக்காக ஸ்பெரி 1981இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

பெரும்பாலோருக்கு மொழி இடது பாதியைச் சார்ந்தது. 1861இல் பாரிஸில் மருத்துவர் புரோக்கா ஒரு நோயாளியைக் கண்டார். பிறர் பேச்சை அவர் புரிந்துகொண்டார். ஆனால் எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்றே விடையளித்தார். அவர் இறந்தபின் பார்த்தபோது, மூளையின் இடது நெற்றிக் கதுப்பு பழுதடைந்திருந்தது. 1874இல் ஜெர்மானியரான வெர்னிக்கி, இடது பொட்டுக் கதுப்பின் பின்பகுதி கெட்டால் சொற்கள் தடையின்றி வரும், பொருள் இராது, பிறர் பேச்சும் புரியாது என விளக்கினார்.

வலது பாதியும் வாளாவிருப்பதில்லை. முகங்களை அடையாளம் காண்பதிலும், இடத்தை உணர்வதிலும், குரலின் ஏற்ற இறக்கத்தை அறிவதிலும் அதன் பங்கு பெரிது. ஆயினும் இடது பாதி கணக்குக்கு, வலது பாதி கலைக்கு என்று பாகம் பிரிப்பது பொருந்தாது. இரண்டும் சேர்ந்தே உழைக்கின்றன.

பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் விழுந்தவருக்குப் பேச்சும் தடைப்படுவது ஏன் என்பது இப்போது விளங்கும். எங்கள் ஊர்ப்பக்கம் அத்தகையவரைப் 'புத்தி பேதலித்தவர்' என்று ஒதுக்கி, அவர் எதிரிலேயே நிலத்தைப் பங்கு போடுவது பற்றிப் பேசுவார்கள். அவர்களுள் பலர் அத்தனையும் கேட்டுப் புரிந்துகொண்டிருப்பவர்கள்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் நான். என்னைப் போன்றோர் இங்கு பலர். நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள். பேச்சிழந்தவரிடம் சிறுசிறு வாக்கியங்களில், தலையசைத்து விடைசொல்லும்படி கேளுங்கள், பொறுமையாகக் காத்திருங்கள். பயிற்சியால் பலருக்குப் பேச்சு ஓரளவேனும் திரும்புகிறது. அதுவரை அவரை மனிதராக மதிப்பது நம் கடமை.