போர் தண்ணீரும் வாஷிங் மெஷினும்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் நம் குடும்பங்களில் கேட்கும் மனக்குறை: மெஷினில் போட்ட கறுப்பு புர்காவில் வெள்ளைத் திட்டு, பள்ளிச் சட்டையில் மஞ்சள் கறை. இரண்டே செட் யூனிஃபார்மில் ஆண்டை ஓட்டும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல.

மெஷினைக் குறை சொல்லுமுன் தண்ணீரைப் பார்ப்போம். போர் தண்ணீரில் மிகுந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பவுடரின் வேலையைக் கெடுத்து, உப்பாகத் துணியில் படிகின்றன. குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை. கடலோரப் போர் தண்ணீர் அதையும் தாண்டுவதுண்டு.

நுரை வரவில்லையே என்று பவுடரை அள்ளிக் கொட்டுவதுதான் திட்டுக்குப் பாதிக் காரணம் என்போம். வாளியில் கரைத்து ஊற்றுங்கள்; லிக்விட் என்றால் இன்னும் நல்லது. டிரம்மைத் திணித்து நிரப்ப வேண்டாம், அலசத் தண்ணீருக்கு இடம் வேண்டுமே! கறுப்புத் துணியை உள்புறம் திருப்பிப் போடுங்கள்.

மஞ்சள் கறை பெரும்பாலும் தண்ணீரிலுள்ள இரும்பு. பிளீச்சிங் போட்டால் அது இன்னும் இறுகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, அரை மணி நேரம் கழித்து அலசுங்கள். வெள்ளைத் துணிக்குக் கடைசி அலசலாவது மெட்ரோ வாட்டரில் இருக்கட்டும். எலுமிச்சையையோ வினிகரையோ பிளீச்சிங்குடன் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.