ராத்திரி ஒன்பதரைக்கு மேனேஜ்மென்ட்!

முப்பது வயதைத் தொடப் போகிற, அல்லது தொட்டுவிட்டு அதை யாரிடமும் சொல்லாத ஆபீஸ் ஆசாமிகளுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. 'மேற்கொண்டு ஏதாவது படிக்கலாமா?' என்பது அதன் பெயர். இன்க்ரிமென்ட் லெட்டர் கைக்கு வந்த மறுநாள் ஜுரம் உச்சத்தில் இருக்கும். எப்படித்தான் மோப்பம் பிடிப்பார்களோ, சரியாக அன்றைக்கே போன் வரும். "ஸார், உங்க கேரியரை அடுத்த லெவலுக்குக் கொண்டு போக ஒரு கோர்ஸ் இருக்கு..." நம் சம்பளத்தைக் கேட்டுவிட்டு இவ்வளவு கரிசனத்தோடு வருத்தப்படுகிற ஜீவன் பூலோகத்தில் வேறு கிடையாது. பெற்ற தாய்கூட "போறும்டா, சிக்கனமா இரு" என்றுதான் சொல்வாள்.

வெறும் பி.காமோடு பத்து வருஷம் ஓட்டியபின், நிர்வாக இயலில் ஒரு வருட முதுநிலை டிப்ளமோவை ஆன்லைனில் படித்து முடித்தவன் நான். அந்தத் தகுதியில் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இருந்தபடியே படிப்பது நமக்கொன்றும் புதிதல்ல. 1962-லேயே டெல்லி பல்கலைக்கழகம் தபால் வழிப் படிப்பைத் தொடங்கிவிட்டது. 1985-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. பிரவுன் கவரில் கொத்தாகப் புத்தகம் வரும். அதைப் பிரிக்காமலே பரணில் போட்டவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். இங்கிலாந்தில் 1971-ல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்த ஆரம்பித்தபோது பி.பி.சி. டி.வி.யில் கணக்கும் பௌதிகமும் ஒளிபரப்பினார்கள். நமக்கு வாத்தியார் செல்போனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு சௌகரியம், அவரை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடலாம். எங்கள் பொருளாதாரப் பேராசிரியர் நிஜத்தில் நிதானமாகப் பேசுகிற மனிதர் என்று கடைசி வாரம் நேரடி வகுப்பில்தான் தெரிந்தது. அதுவரை அவரை கிரிக்கெட் வர்ணனையாளர் ரேஞ்சில்தான் கேட்டிருந்தேன்.

டிப்ளமோவா, எம்.பி.ஏ.வா என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.பி.ஏ. இரண்டு வருஷம். டிப்ளமோ பெரும்பாலும் ஒரு வருஷம். இங்கிலாந்தில் இதையே மாடிப்படி மாதிரி வைத்திருக்கிறார்கள்: 60 கிரெடிட் முடித்தால் முதுநிலைச் சான்றிதழ், 120-க்கு டிப்ளமோ, 180-க்கு முழு முதுநிலைப் பட்டம். ஏற முடிந்தவரை ஏறலாம், மூச்சு வாங்கினால் இறங்கிவிடலாம். 'டிப்ளமோதானே' என்று உதட்டைப் பிதுக்குகிற மாமாக்களுக்கு ஒரு தகவல். 1961-ல் ஆரம்பித்த கல்கத்தா, அகமதாபாத் ஐ.ஐ.எம்.கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கொடுத்துக்கொண்டிருந்தது பட்டம் அல்ல, முதுநிலை டிப்ளமோதான்! பட்டம் கொடுக்கிற அதிகாரமே 2017-ம் வருட ஐ.ஐ.எம். சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. (மாமாவிடம் இதைச் சொல்லும்போது காபி குடித்து முடித்துவிட்டாரா என்று பார்த்துக்கொள்ளவும்.)

சரி, உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள்?

ஆரம்பப் பாடங்கள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். நிர்வாகக் கோட்பாடு, கணக்கியல், பொருளாதாரம், மார்க்கெட்டிங், மனித நடத்தை, கொஞ்சம் புள்ளியியல். பாதி விஷயம் நமக்கு ஏற்கெனவே தெரிந்தது, பெயர்தான் தெரியாது. மனிதனுடைய தேவைகள் படிப்படியாக மேலே போகின்றன என்று மாஸ்லோ என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1943-ல் எழுதினார். முதலில் சோறு, அப்புறம் பாதுகாப்பு, அப்புறம் அன்பு, மரியாதை, கடைசியில் தன் முழுத் திறமையை எட்டுவது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறு மாசம் குடியிருந்தவனுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். காலையில் பாத்ரூம் காலியாக இருந்தால் முதல் படி, சட்டை கொடியில் காணாமல் போகாமல் இருந்தால் இரண்டாம் படி. அதற்கு மேல் போனவர்களை நான் அங்கே பார்த்ததில்லை.

ஆனால் எல்லாமே இப்படி விளையாட்டு இல்லை. சில கணக்குகள் கண்ணைத் திறந்துவிடும். லாப நஷ்டமற்ற புள்ளி என்று ஒன்று. பி.காமில் பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட சமாசாரம்தான். இந்தத் தடவை பேராசிரியர், "உங்களுக்குத் தெரிந்த கடைக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று அசைன்மென்ட் கொடுத்துவிட்டார். எங்கள் தெரு டீக்கடைக்குப் போட்டேன். வாடகை, இரண்டு பேர் சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்த்து மாசம் 45,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ 15 ரூபாய். பால், தூள், சர்க்கரை, காஸ் வகையில் ஒரு டீக்கு 6 ரூபாய் ஆகிறது. மிச்சம் 9. அப்படியானால் மாசம் 5,000 டீ, நாளைக்கு 167 டீ விற்றால்தான் கையைக் கடிக்காது. எதிர்த்தாற்போல் புதுக் கடை வந்ததும் நம்மவர், விலையைப் பன்னிரண்டாக இறக்கிவிடலாமா என்று கேட்டார். வெறும் மூன்று ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு டீயில் மிச்சமாவது 9-லிருந்து 6 ஆகிவிடுகிறது. நாளைக்கு 250 டீ விற்க வேண்டும். விலையில் குறைத்தது இருபது சதவீதம், கூடுதலாக விற்க வேண்டியது ஐம்பது சதவீதம்! கணக்கைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டார். பிறகு விலையைத் தொடாமல் பெஞ்சுக்கு மேலே ஒரு ஃபேன் மாட்டினார். ஃபேன் யோசனை அவருடையது, என் சிலபஸில் இல்லை.

நேரத்துக்கு வருவோம். விளம்பரத்தில் 'வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்' என்று போட்டிருக்கும். யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா? இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அளவுகோல்படி ஒரு கிரெடிட் என்றால் முப்பது மணி நேர உழைப்பு. நான்கு கிரெடிட் பேப்பருக்கு 120 மணி. அரை வருஷத்துக்கு நான்கு பேப்பர் என்றால் 480 மணி, அதாவது வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். ஆபீஸ் விட்டு, ரயிலில் நசுங்கி, சாப்பிட்டு, பாத்திரத்தை ஒழித்துப் போட்டுவிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் தினம் இரண்டு மணி நேரம் தேறும். மிச்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமையை அடமானம் வைக்க வேண்டும். என்னைக் காப்பாற்றியது தாம்பரம் - பீச் மின்சார ரயில்தான். போக வர தினம் ஒன்றரை மணி நேரம். காதில் செருகிக்கொண்டு நின்றால் ஒரு முழு லெக்சர் முடிந்துவிடும். உட்கார இடம் கிடைத்த நாட்களில்தான் படிப்பு கெட்டது. தூக்கம்!

கல்யாணமானவர்கள் முதலில் மனைவியிடம் பேசிவிட்டுச் சேருவது நல்லது. இது ஒரு வருஷத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து கட்டுகிற ஃபீஸ். என் மனைவி சொன்னது: "பாஸ் பண்ணுங்க, பண்ணாம போங்க. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு 'மோட்டிவேஷன்'னா என்னன்னு என்கிட்ட விளக்காதீங்க."

பரீட்சையும் வீட்டிலேயேதான். அப்பாடா என்று நினைக்காதீர்கள். காமிராவைச் சுழற்றி அறை முழுக்கக் காட்ட வேண்டும். மேஜை மேல் தண்ணீர் பாட்டில் தவிர எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்தில் பார்த்தால் எச்சரிக்கை, உதடு அசைந்தால் எச்சரிக்கை. மூன்றாவது பேப்பரின்போது என் அம்மா, பிள்ளை மூன்று மணி நேரமாகப் பட்டினி கிடக்கிறானே என்று கதவை லேசாகத் திறந்து டம்ளரோடு எட்டிப் பார்த்தாள். 'அறையில் இரண்டாவது நபர்' என்று திரையில் சிவப்பாக வந்தது. நான் தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல் 'போம்மா' என்று சொல்ல வேண்டும். முயன்று பாருங்கள், வராது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

எங்கள் ஆபீஸில் பக்கத்து செக்ஷன் தம்பி ஒருவன். இருபத்தாறு வயசு, அப்பா ஊரில் விவசாயம். போனில் வந்த தேன்குரலை நம்பி ஒரு கம்பெனி நடத்திய 'எக்ஸிக்யூட்டிவ் மேனேஜ்மென்ட்' கோர்ஸில் சேர்ந்தான். ஒன்பதே மாசம். தங்க முலாம் பூசிய எழுத்தில் சர்ட்டிபிகேட். அதை ஃப்ரேம் போட்டு ஊருக்கு எடுத்துக்கொண்டு போய் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டும் வந்தான். சூபர்வைசர் வேலைக்கு ஆபீஸில் சர்க்குலர் வந்தது. 'அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டம் அல்லது டிப்ளமோ.' தம்பி கொடுத்த காகிதத்தைப் பெர்சனல் செக்ஷனில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரே அதில் எங்கும் இல்லை. வேலை இன்னொருவருக்குப் போனது. தம்பிக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி இருந்தது.

"வட்டியில்லாத் தவணைதாண்ணே" என்றான் சாப்பாட்டு நேரத்தில். மாசம் 10,000 வீதம் பன்னிரண்டு மாசம், மொத்தம் 1,20,000. "ஒரே தடவையா கட்டியிருந்தா?" என்று கேட்டேன். தள்ளுபடி போக 1,08,000-மாம். ஆக 12,000 ரூபாய்க்குப் பெயர்தான் தள்ளுபடி, உண்மையில் அது வட்டி. ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரம் என்றால் பதினொரு சதவீதம் என்று தோன்றும். அதுவும் இல்லை. மாசாமாசம் அசல் குறைந்துகொண்டே வருகிறதே! சராசரியாக வருஷம் முழுக்க அவன் பாக்கி வைத்திருந்தது சுமார் 58,500 ரூபாய்தான். அதற்கு 12,000 என்றால் இருபது சதவீதம். சர்ட்டிபிகேட்டின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டலாம் என்று பார்த்தால், அது ஊரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பேப்பர் நாப்கினில் போட்டேன்.

2021 டிசம்பரில் மத்திய கல்வி அமைச்சகமே இந்தக் கல்விக் கம்பெனிகள் விஷயத்தில் உஷாராக இருக்கும்படி அறிவுரை வெளியிட்டது. கடன் பத்திரம் என்றே தெரியாமல் கையெழுத்துப் போடுவது, பாங்கிலிருந்து தானாகப் பணம் போகிற ஏற்பாட்டுக்குத் தலையாட்டுவது எல்லாம் அதில் இருந்தது. யார் படித்தார்கள்?

சேருவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு, அதாவது டி.இ.பி., எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்தலாம் என்ற பட்டியலை இணையத்தில் போடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நாம் சேருகிற படிப்பின் பெயர் நாம் சேருகிற வருஷத்தில் இருக்க வேண்டும். அப்படி முறையாகப் பெற்ற ஆன்லைன் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கியதற்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவாகவே சொல்லிவிட்டது. பல்கலைக்கழகம் தன் படிப்பை இன்னொரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவதும் கூடாது. வெறுமனே விஷயம் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஃபீஸ் கட்டவே வேண்டாம். 2017-ல் வந்த மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் நல்ல நல்ல பேராசிரியர்களின் மேனேஜ்மென்ட் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பரீட்சைக் கட்டணம்.

டிப்ளமோவால் எனக்குச் சம்பளம் கூடியதா என்று கேட்பீர்கள். உடனே கூடவில்லை. மேனேஜர் கூப்பிட்டுக் கைகுலுக்கினார், அப்புறம் பட்ஜெட் ஃபைலை என் மேஜைக்கு மாற்றிவிட்டார். வேலைதான் கூடியது. ஆனால் மீட்டிங்கில் யாராவது ஒரு நம்பரைச் சொல்லி மடக்கப் பார்த்தால், முன்பு மாதிரி நோட்டில் பூ வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. "அது எப்படி வந்தது?" என்று கேட்கிறேன்.

தம்பி கடைசித் தவணையையும் கட்டி முடித்தான். பட்டியலைப் பார்த்து, என்னிடமும் காட்டி, இந்த வருஷம் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் டிப்ளமோவில் சேர்ந்திருக்கிறான். பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவன், டெபிட் கிரெடிட் என்றாலே முகம் வெளுக்கிறது. தினம் மத்தியானம் டிபன் பாக்ஸோடு என் மேஜைக்கு வந்துவிடுகிறான். "அண்ணே, வர்றது டெபிட்டுன்னு சொன்னீங்க. அப்போ சம்பளம் வந்தா பாங்க்காரன் எதுக்குண்ணே கிரெடிட்டுன்னு மெசேஜ் அனுப்பறான்?"

நல்ல கேள்வி. தயிர் சாதம் முடிகிற வரை விளக்கினேன். நாளைக்கு மறுபடியும் கேட்பான்.