பிரின்டருக்குத் தீனி போட்ட கதை!

பி.காம். படித்தவனுக்குக் கணக்கு வழக்கு அத்துப்படி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே சாட்சி!

2024 ஜூன் 9-ம் தேதி குரூப்-4 தேர்வு. 200 கேள்வி, 300 மார்க். அதற்காகப் பார்த்துக்கொண்டிருந்த அக்கவுண்ட்ஸ் வேலையையும் விட்டாயிற்று. வீட்டில் மனைவியின் சம்பளம் மட்டும்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை பள்ளிப் புத்தகங்களை உருப்போட வேண்டும். அவை பி.டி.எஃப். வடிவில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த 'இலவசம்' என்கிற வார்த்தைதான் ஆளைக் கவிழ்த்தது.

"ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக்கு ரெண்டு ரூபா ஏன் அழணும்? நாமே ஒரு பிரின்டர் வாங்கிட்டா லாபம்தானே?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததா..." என்றாள் மனைவி. அந்த இழுவையை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

3,800 ரூபாய்க்கு ஓர் இங்க்ஜெட் வந்து இறங்கியது. இவ்வளவு சல்லிசாக எப்படிக் கொடுக்கிறான்? சூட்சுமம் கார்ட்ரிட்ஜில் இருக்கிறது சார்! மாட்டைச் சும்மா மாதிரி கொடுத்துவிட்டு, ஆயுசு பூரா தீவனம் விற்கிற வியாபாரம். அட்டைப் பெட்டியில் 'இத்தனை பக்கம் வரும்' என்று போட்டிருப்பார்களே, அது தாளில் ஐந்து சதவிகித இடத்தில் மட்டும் மை விழுந்தால் வருகிற கணக்கு. நம் பாடப் புத்தகமோ பக்கத்துக்குப் பக்கம் கலர் கட்டம், படம், மேப்! போதாததற்கு, மை காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, மெஷின் அவ்வப்போது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். தண்ணீரிலா? மையில்!

800 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 160-வது பக்கத்தில் மூச்சை விட்டது. பக்கத்துக்கு ஐந்து ரூபாய். பேப்பர் தனி!

அன்றைக்கு ராத்திரி பாக்கி இருந்த சேமிப்பை எண்ணிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து சிக்கன நடவடிக்கை. கலரை அணைத்துக் கறுப்பு மட்டும். தரத்தில் 'டிராஃப்ட்'. பாடத்தை மட்டும் பக்க எண் கொடுத்து எடுப்பது. முகப்பு, முன்னுரை எல்லாம் கட். தாளின் இரண்டு பக்கமும் அச்சு. ஒரு பக்கத்தில் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். இது வரைக்கும் நியாயம். இதிலேயே மைச் செலவு பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

ஆசை விடுமா? நான்கு பக்கங்களைத் திணித்தேன். எழுத்தெல்லாம் கடுகு சைஸ். பொருளாதாரப் பாடத்தை அப்படித்தான் அடித்து, 'அப்புறம் படிக்கலாம்' என்று ஓரமாக வைத்தேன். அடுத்த ஞாயிறு மாதிரித் தேர்வு. ஜி.எஸ்.டி. கவுன்சில் எந்தச் சட்டப்பிரிவில் வருகிறது என்று கேள்வி. 279ஏ. அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் வருஷக்கணக்காக ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டவன் திருதிருவென்று விழித்தேன்! பக்கத்து சீட்டில், அப்போதுதான் காலேஜ் முடித்த பையன் படக்கென்று வட்டத்தைக் கறுப்பாக்கினான்.

அவனிடமே கேட்டேன். "எதுல தம்பி பிரின்ட் எடுக்கறே?"

"பிரின்டா? எங்க தெருவுல ஒரு பையன் பத்தாவது முடிச்சான். அவன் புக்கை வாங்கிட்டு வந்துட்டேண்ணா. புக்குல இல்லாததை மட்டும் ஜெராக்ஸ் கடையில எடுப்பேன்."

வீட்டுக்கு வந்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது... மூன்று வருஷப் புத்தகங்களும் பரண்மேல் இருந்தன. "எடைக்குப் போடலாம்னு வச்சிருந்தோம், எடுத்துக்குங்க" என்றார் அந்தம்மா. நான் அதுவரை அச்சடித்ததில் பாதிக்கு மேல் அந்தக் கட்டுக்குள் இருந்தது. கலரில்!

வேலை கிடைத்ததா என்கிறீர்களா? நான் உட்கார்ந்து கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதிலேயே தெரியவில்லையா? அடுத்த தடவைக்கு, பொருளாதாரத்தைப் புத்தகத்திலேயே படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரின்டர் இன்னும் இருக்கிறது. சும்மா கிடந்தால் மை காய்ந்துவிடும் என்பதால் வாரத்துக்கு ஒரு பக்கமாவது ஓட்ட வேண்டும். மளிகை லிஸ்ட்டை அதில்தான் அடிக்கிறோம். போன வாரம் அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரைக் கிலோ துவரம்பருப்புக்கு பிரின்ட் அவுட்டா சார்?" என்றார்.