வலி போன பிறகு எழாத கட்டைவிரல்

"ஊசி போட்டதும் மணிக்கட்டு வலி சுத்தமாப் போயிடுச்சு டாக்டர். ஆனா கட்டைவிரலைத் தூக்க வரலை." இப்படிச் சொல்லி வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். பலரும் மாதக்கணக்கில் தாமதித்தே வருகிறார்கள். வலி இல்லையே, அப்புறம் என்ன அவசரம் என்ற நினைப்பு. கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாண் அறுந்தாலும் பெரும்பாலும் வலிக்காது. ஆபத்தே அதுதான்.

நம்பிக்கையும் நிஜமும்

"திரும்ப வலித்தால் இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாம்." இந்த ஊசியில் இருக்கும் ஸ்டீராய்டை நான் குறை சொல்லவில்லை. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு வலியோடு வரும் தாய்மாருக்கு, முறையாகப் போட்ட ஊசி பெரிய நிவாரணம். தசைநாண் அறுவதும் அரிதுதான். ஆனால் மருந்து தசைநாணின் உறைக்குள்தான் இறங்க வேண்டும். தசைநாணுக்குள்ளேயே இறங்கினாலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டாலும் அதன் கொலாஜன் இழைகள் பலமிழக்கும். பழங்கயிறு போல நைந்து ஒருநாள் அறுந்துவிடும்.

"வலி போனால் குணமாகிவிட்டது." இல்லை. வலி அடங்கிய கையால் மறுநாளே தண்ணீர்க் குடம் தூக்குவது, பலவீனமான தசைநாணை நீங்களே இழுத்து அறுப்பதற்குச் சமம்.

"நரம்புக் கோளாறு, சத்து மாத்திரை போதும்." அறுந்ததை எந்த மாத்திரையும் ஒட்டவைக்காது. எண்ணெய் போட்டு நீவினாலும் ஒட்டாது. அறுந்த முனை பின்வாங்கிச் சுருங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்!

ஊசி மட்டுமல்ல, காய்ச்சலுக்குக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாத்திரைகளும் தசைநாணைப் பாதிக்கலாம். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் அபாயம் கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இலேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது.

எப்படித் தெரியும்?

உள்ளங்கையை மேசைமேல் பதித்துவைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். எழவில்லையா? உடனே வாருங்கள். தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் எடுப்போம்.

சிகிச்சை

சீக்கிரம் வந்தால் சிலருக்கு நேரடியாகத் தைக்க முடியும். நாள் கடந்தால், ஆள்காட்டி விரலை நீட்டும் இரண்டு தசைநாண்களில் ஒன்றைக் கட்டைவிரலுக்கு மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கும். பிறகு சில வாரங்கள் கட்டு, அப்புறம் பயிற்சி.

தயவுசெய்து

என்ன ஊசி என்று கேளுங்கள். பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். முன்பு போட்டிருந்தால் மறைக்காதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். மணிக்கட்டுப் பட்டை போட்டு, கைக்கு ஓய்வு கொடுங்கள். வீட்டிலிருப்பவர்களே, அந்த நாட்களிலாவது ஊசி போட்டுக்கொண்டவர் கையிலிருக்கும் குடத்தையும் குழந்தையையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.