நான்கே விநாடி!
தோழர்களைக் காக்கக் கண்ணிவெடி மேல் பாய்ந்த சுபேதார் சுப்பிரமணியன்

கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி இருந்த ஊர் அது. பக்கத்திலேயே தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டையின் இடிந்த சுவர்களை இன்றும் பார்க்கலாம்.

1783ஆம் ஆண்டு ஜூன் மாதம், இந்தக் கடலூருக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடும்போர் செய்தார்கள். சண்டை வெள்ளையருடையது. ஆனால் துப்பாக்கி ஏந்தி முன்னே நின்றவர்களில் ஏராளமானோர் நம் நாட்டுச் சிப்பாய்கள்! ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஆகியோரின் பெயர்கள் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன. அந்த மண்ணில் விழுந்த சிப்பாய் ஒருவனின் பெயரைச் சொல்லுங்கள் என்று கடலூரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

போரில் மாண்ட ஏழை வீரன் இப்படித்தான் மறக்கப்படுகிறான். மறக்கக் கூடாத தமிழர் ஒருவரின் கதை இது.

கீழொட்டிவாக்கத்துப் பிள்ளை

காஞ்சிபுரம் பக்கத்தில் கீழொட்டிவாக்கம் என்று ஒரு கிராமம். சுப்பிரமணியன் பிறந்தது அங்கேதான். பட்டாளத்தில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து சுபேதார் ஆனார். சிப்பாய்களுக்கும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் நடுவே நின்று, சிப்பாய்களுக்கு மூத்த அண்ணன்போல் இருந்து வழிநடத்தும் பதவி அது.

அவர் இருந்த படை 'மதராஸ் சாப்பர்ஸ்'. 1780இல் தோன்றிய பழம்பெரும் படை. பாலம் கட்டுவது, பாதை போடுவது, வெடி வைப்பது, வெடியை எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. இந்தப் படையினரை ராணுவத்தில் அன்போடு 'தம்பி' என்றே அழைப்பார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. சுமார் 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் சுமார் 87 ஆயிரம் பேர் வீடு திரும்பவில்லை. சுப்பிரமணியன் கடல் கடந்து இத்தாலி நாட்டுக்குப் போனார்.

மண்ணுக்குள் மரணம்

1944ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். இத்தாலியில் குளிர்காலம். காசினோ மலையில் ஜெர்மானியர் அரண் அமைத்து உட்கார்ந்திருந்தார்கள். ரோம் நகருக்குப் போகும் பாதையை அந்த மலை மறித்து நின்றது. நமது 4ஆவது இந்திய டிவிஷன் அங்கே போரிட்டுக்கொண்டிருந்தது.

ஜெர்மானியர் விட்டுப் போன இடங்களிலெல்லாம் கண்ணிவெடி! மண்ணுக்குள் மறைத்து வைக்கும் குண்டு அது. காலால் மிதித்தால் போதும். பின்னால் வரும் சேனை நடக்க வேண்டுமானால், யாராவது ஒருவர் முன்னே போய் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாக வேண்டும்.

பிப்ரவரி 24. மிஞ்ஞானோ என்ற ஊருக்கு அருகில், கண்ணிவெடி புதைத்த நிலத்தில் ஒரு சிறு கூட்டம் வழி உண்டாக்கிக்கொண்டு போயிற்று. தலைமை தாங்கிச் சென்றவர் சுபேதார் சுப்பிரமணியன்.

திடீரென்று பின்னால் ஒரு சிறு வெடிச் சத்தம்! உடன் வந்தவர் ஒருவரின் கால் கண்ணிவெடி மேல் பட்டுவிட்டது.

அந்த வகைக் குண்டு மிதித்த உடனே முழுதும் வெடிப்பதில்லை. நான்கு விநாடி கழித்துத்தான் வெடிக்கும். வெடித்தால் சுற்றியிருப்பவர் யாரும் மிஞ்சுவது அரிது.

நான்கு விநாடி! நாம் ஒருமுறை மூச்சை இழுத்து விடும் நேரம்.

அது என்ன குண்டு என்பது சுப்பிரமணியனுக்குத் தெரியும். ஓடிப் படுத்துத் தம்மைக் காத்துக்கொள்ளப் பார்த்திருக்கலாம். அவர் ஓடவில்லை. குண்டின் மேலேயே பாய்ந்து விழுந்தார். வெடியின் வேகம் முழுவதையும் அவர் உடல் வாங்கிக்கொண்டது. தோழர்கள் உயிர் தப்பினார்கள். சுப்பிரமணியன் மாண்டார்.

அவருக்கு 'ஜார்ஜ் கிராஸ்' பதக்கம் 1944இலேயே அறிவிக்கப்பட்டது. விக்டோரியா கிராஸுக்குச் சமமான விருது அது. அதைப் பெற்ற முதல் இந்திய வீரர் என்ற புகழும் அவரைச் சேர்ந்தது. இத்தாலியில் சாங்ரோ நதி போர்க் கல்லறைத் தோட்டத்தில், 500க்கு மேற்பட்ட இந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. கீழொட்டிவாக்கத்துப் பிள்ளையின் நினைவும் அங்கேதான் நிற்கிறது.

யாருக்காகச் செத்தார்?

"வெள்ளைக்காரன் யுத்தத்தில்தானே செத்தார்? நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம்.

யுத்தம் வெள்ளைக்காரனுடையதுதான். நாடு அப்போது அடிமை நாடுதான். ஆனால் அந்த நான்கு விநாடியில் சுப்பிரமணியன் மன்னருக்காகப் பாயவில்லை, பதக்கத்துக்காகவும் பாயவில்லை. பின்னால் நடந்து வந்த தோழர்களுக்காகப் பாய்ந்தார். அவர்களுக்கும் ஊரில் ஒரு தாய் காத்திருப்பாள் அல்லவா?

நாடு சுதந்திரம் அடைந்தது, கொடி மாறியது. வீரனின் குணம் மாறவில்லை. 1999இல் கார்கில் போரில் திருச்சி மேஜர் சரவணன் உயிர் கொடுத்தார். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் மாண்ட 20 பேரில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனியும் ஒருவர். இருவருக்கும் மறைவுக்குப் பின் வீர் சக்கரா வழங்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியது

மாண்டவரை நாம் மீட்க முடியாது. அவர் விட்டுச் சென்ற பொறுப்பை ஏற்க முடியும்.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் தேதி படைவீரர் கொடி நாள். அன்று திரட்டும் பணம் மாண்ட வீரர்களின் குடும்பத்துக்கும், ஊனமுற்ற வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் உதவுகிறது. அந்தச் சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொள்வதோடு கடமை தீர்ந்துவிடாது. உண்டியலில் நம்மால் இயன்றதைப் போட வேண்டும்.

உங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, போன் மணி அடிக்காதா என்று காத்திருக்கும் தாய் இருக்கலாம். "தம்பி சௌக்கியமா, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ரேஷன் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகத் துணை வேண்டுமா என்று கேளுங்கள். உதவித்தொகை பற்றித் தெரியாமல் திகைக்கும் விதவையாக இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்குச் சுப்பிரமணியன் கதையைச் சொல்லுங்கள். பெயரையும் ஊரையும் சேர்த்தே சொல்லுங்கள். கடலூர் மண்ணில் விழுந்த சிப்பாய்க்கு நேர்ந்த மறதி அவருக்கும் நேர வேண்டாம்!