குழம்பில் புளி, வேலையில் மறுப்பு: எப்படி இயங்குகிறது?

புளிக்குழம்பு வைக்கத் தெரிந்தவருக்கு, மேலதிகாரியிடம் "இது சரியில்லை" என்று சொல்லும் முறையும் பாதி தெரியும். புளிப்பு இல்லாமல் குழம்பு இல்லை. அதை எப்படிக் கரைக்கிறோம், எப்போது விடுகிறோம், எவ்வளவு நேரம் கொதிக்க விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இலங்கையில் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றை எடுத்துக்கொள்வோம். மூடுபனி இறங்கிய நாள், கொழுந்தெல்லாம் ஈரம். நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை ஈரத்துக்கென்று வழக்கத்தைவிட இரண்டு கிலோ கூடுதலாகக் கழிக்கிறார். தோட்டம் கேட்கும் கிலோ நிறையாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான். கொழுந்து பறித்த பெண்ணுக்கு அந்தக் கழிவு நியாயமாகப் படவில்லை. அவர் என்ன செய்யலாம்?

1. ஊறவைத்தல்

காய்ந்த புளியை அப்படியே சட்டியில் போட்டால் சாறு இறங்காது. மனக்குறையும் அப்படியே. "ஏமாத்துறாங்க" என்ற சொல்லில் தகவல் எதுவும் இல்லை; அதற்குள் இருக்கும் எண்ணை வெளியே எடுக்க வேண்டும். தராசு அருகிலேயே ஒரு கேள்வி போதும்: "ஐயா, இன்னைக்கி எத்தன கிலோ கழிச்சீங்க? சொல்லுங்க, நான் எழுதி வச்சிக்கிறேன்." இது சண்டை இல்லை, ஆனால் கழிவு கவனிக்கப்படுகிறது என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும். சில நாள் தேதியும் கிலோவும் எழுதிவந்தால் கையில் ஒரு கணக்கு சேரும்.

2. கொட்டையும் நாரும்

கரைத்த புளியை வடிகட்டாமல் யாரும் விடுவதில்லை. "இந்த ஆள் எப்பவும் இப்படித்தான்", "போன வருசமும் என்னைய ஏசினாரு" என்பவை நார். அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பேச்சில் அவை வந்தால், கேட்பவர் கழிவை விட்டுவிட்டுத் தன் குணத்துக்கு வக்காலத்து வாங்கத் தொடங்குவார். எந்தெந்த நாள், எத்தனை கிலோ, எத்தனை பேருக்கு என்பது மட்டும் மிஞ்சட்டும்.

3. எப்போது விடுவது?

காய்கறியை இறுகப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வேகும்போது அது கரைகிறது. புளியின் அமிலம் அதை எளிதில் கரைய விடாது. வெலிமடை உருளைக்கிழங்கு வேகுமுன் புளியை விட்டால், வெகுநேரம் கொதித்தாலும் நறுக்கென்றே கிடக்கும். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பிரட்டில் நூறு பேர் முன்னால் குற்றம் சாட்டினால் கணக்கப்பிள்ளையும் அப்படித்தான் இறுகுவார். கொழுந்து லொறி போனபின் தனியாகக் கேட்கலாம். அதில் தீராவிட்டால் சங்கத் தலைவரோடு, தோட்ட நிர்வாகியான துரை குறை கேட்கும் நாளில் ஆபிசுக்குப் போகலாம். தனியாகப் பேசுவது என்றால் சாட்சியில்லாமல் பேசுவது என்று பொருளல்ல; இன்னொரு தொழிலாளி கூட நிற்கட்டும்.

4. பச்சை வாசனை போகும்வரை

புளி விட்டதும் இறக்கினால் குழம்பு வாயில் வைக்க முடியாது. ஒருமுறை சொல்லிவிட்டு "கேக்க மாட்டேங்கிறாங்க" என்று விட்டுவிடுவதும் அதுபோலத்தான். குறையோடு ஒரு யோசனையும் வேண்டும்: ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று எழுதித் தராசுப் பக்கத்தில் ஒட்டட்டும். பதில் எந்தத் தேதிக்குள் வரும் என்று கேட்க வேண்டும். வராவிட்டால் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கும் மேலே தொழில் திணைக்களம் இருக்கிறது. பிணக்குகளைப் பேசித் தீர்க்க 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் இருக்கிறது.

சட்டி வந்த கதை

இந்த வழி மலையகத்தில் தானாக உருவாகவில்லை. 1865ஆம் ஆண்டின் சட்டப்படி, எசமானிடம் துடுக்காகப் பேசுவதே சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். அந்தத் தண்டனைகள் நீங்க 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அதே ஆண்டு ஊவாவில், வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே நடப்பதாகத் துரை ஒப்புக்கொண்டார். தோட்டப் பிணக்குகளைப் பேசித் தீர்ப்பதற்கான ஏழு அம்ச உடன்படிக்கை வந்ததும் 1940இல்தான். இன்று ஆபிஸ் வாசலில் நின்று "ஐயா, கணக்கு சரியில்ல" என்று சொல்ல முடிவது இவர்கள் வாங்கித் தந்த உரிமை.

ஆகவே பணிவாகப் பேசும் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. கேட்பவருக்கும் செய்முறை உண்டு. குறுக்கிடாமல் கேட்க வேண்டும். கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதிப்படுத்த வேண்டும். எல்லோரும் பார்க்கத் தராசைச் சோதிக்க வேண்டும். சொன்ன தேதியில் பதில் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுத்துப் பேசியவரை மறுநாள் கொழுந்தில்லாத மலைக்கு அனுப்பக் கூடாது. இந்த ஒன்றைக் காப்பாற்றும் தோட்டத்தில் மற்றவர்களும் வாய் திறப்பார்கள். பிழைகள் சிறிதாக இருக்கும்போதே தெரியவரும். காப்பாற்றாத தோட்டத்தில் சங்கத்தையும் தொழில் திணைக்களத்தையும் நாடுவது மரியாதைக் குறைவு ஆகாது.